வெள்ளத்துல போன ரோடு, பாலம், தண்ணி டேங்குக்கு ஊராட்சி சார்பா பேரிடர் நிதி கேக்குறது எப்படி

2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் தூத்துக்குடி, நெல்லை பக்கம் இருந்தவங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்ணிக்கு நடுவுல நின்னுச்சே, அந்த வெள்ளம் தான். அப்ப நான் ஆத்தங்கரை ஊராட்சி ஒண்ணுல வார்டு மெம்பர். சில மாசம் கழிச்சு பக்கத்து ஊராட்சிக்கு தரைப்பாலம் ரிப்பேருக்கு பணம் வந்துச்சு, எங்களுக்கு வரல. ரெண்டு ஊருக்கும் ஒரே ஆறு, ஒரே தண்ணி. என்னடா விஷயம்னு விசாரிச்சா, அவங்க ஊராட்சி செயலர் தண்ணி இடுப்பளவுல இருந்து முழங்காலுக்கு இறங்குன அன்னைக்கே டேப்பும் போனுமா கிளம்பிட்டாரு, நாங்க அப்ப சோறு பொங்கிப் போட்டுக்கிட்டு சேறு அள்ளிட்டு இருந்தோம். சோறு போட்டது தப்பில்ல, ஆனா ஒரு ஆளை இதுக்குன்னு ஒதுக்கியிருக்கணும். அந்த கடுப்புல அதுக்கப்புறம் ஓவர்சியர், யூனியன் ஆபீஸ் கிளார்க்னு ஒவ்வொருத்தரா புடிச்சு கேட்டு தெரிஞ்சுக்கிட்டத தான் இங்க எழுதுறேன்.

முதல்ல பணம் எங்க இருந்து வருதுன்னு புரிஞ்சுக்கணும், இது தெரியாம தான் பாதிப் பேரு தப்பான மனு எழுதுறாங்க. 2005 பேரிடர் மேலாண்மை சட்டத்துல உருவானது மாநில பேரிடர் நிவாரண நிதி, ஆபீஸ்ல எல்லாரும் எஸ்டிஆர்எஃப்னு தான் சொல்லுவாங்க. நம்ம மாநிலத்துக்கு அதுல 75 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநிலம். 15வது நிதிக்குழு 2021-26க்கு போட்ட கணக்குல பேரிடருக்கான மொத்த ஒதுக்கீட்டுல 40 சதவீதம் உடனடி நிவாரணத்துக்கு, 30 சதவீதம் மறுகட்டமைப்புக்கு, 10 சதவீதம் முன்தயாரிப்புக்கு, மிச்சம் 20 சதவீதம் தணிப்பு நிதின்னு (பேரிடர் பாதிப்ப முன்கூட்டியே குறைக்கிற வேலைக்கு) தனியா போயிடும். இதுல ஊராட்சி பேர்ல மனு போட்டு நேரா நம்ம அக்கவுண்டுக்கு வாங்குற பாதைன்னு ஒண்ணு கிடையாது, கலெக்டர் அனுப்புற சேத அறிக்கைல நம்ம ஊரு ஒரு வரியா ஏறணும், அவ்ளோதான் நம்ம வேலை. அந்த ஒரு வரி ஏறாம போச்சுன்னா அப்புறம் அமைச்சர் காலடில மனு வச்சாலும் "அடுத்த திட்டத்துல பாப்போம்" தான்.

அடுத்தது, இது தான் முக்கியம். இந்த நிதியோட நார்ம்ஸ்ல, அதாவது எதுக்கு எவ்வளவு குடுக்கலாம்ங்கற விதில, பொதுச் சொத்து ரிப்பேருக்கு ஒரே ஒரு வார்த்தை தான் திரும்பத் திரும்ப வரும், "உடனடித் தன்மை உள்ள பணி". அதாவது போக்குவரத்த திரும்ப ஓட வைக்கிறது, தண்ணிய திரும்ப வர வைக்கிறது, அது வரைக்கும் தான். பழைய தரைப்பாலம் போயிடுச்சு, அதுக்கு பதிலா உயர்மட்டப் பாலம் கட்டித் தாங்கன்னு எழுதுனா அந்த பேப்பர் அங்கயே ஓரமா போயிடும், ஏன்னா அது நிவாரணம் இல்ல, புது வேலை. நாங்க பண்ண தப்பு இதே தான். "நிரந்தரத் தீர்வு வேண்டும்"னு வீராப்பா தீர்மானம் போட்டு அனுப்புனோம். பக்கத்து ஊருக்காரங்க "உடைஞ்ச இடத்துல குழாய் போட்டு மண் நிரப்பி வண்டி போற மாதிரி தற்காலிகமா சீர் செய்ய"ன்னு எழுதியிருந்தாங்க.

எதெல்லாம் இந்த உடனடி வேலைல வரும்னு நார்ம்ஸ் பின்னாடி ஒரு இணைப்பு இருக்கு, யாரும் படிக்கிறதில்ல. ரோடுன்னா உடைப்ப அடைக்கிறது, பள்ளம் நிரப்புறது, தண்ணி போக குழாய் பதிக்கிறது, கரைக்கு கல் பதிக்கிறது, உடைஞ்ச சின்னப் பாலத்த சரி பண்றது, பாலம் அடிச்சுட்டுப் போன இடத்துல மாத்துப்பாதை போடுறது, பாலத்துக்கு ஏறுற அப்ரோச் ரோட்ட தற்காலிகமா சரி பண்றது, அரிச்சுப் போன நீளத்துக்கு ஜல்லி விரிக்கிறது. குடிதண்ணின்னா அடிபம்பு மேடை, தெருக்குழாய், உடைஞ்ச பைப்ப புதுசா மாத்துறது, பம்ப் மோட்டார் ரிப்பேர், ஒழுகுற மேல்நிலைத் தொட்டி, தண்ணி எடுக்குற கிணறு. குளம் வாய்க்கால்னா உடைஞ்ச கரைய மணல் மூட்டை, கல், சிமெண்ட் வச்சு அடைக்கிறது, எலி வளை ஓட்டை அடைக்கிறது, வாய்க்கால்ல சேந்த குப்பைய எடுக்குறது. அப்புறம் ஊராட்சிச் சொத்துன்னு தனித் தலைப்பே இருக்கு, அதுல ஊர் உள்தெரு, சாக்கடைல அடைஞ்ச இடிபாடு, உள்ளூர் குடிநீர் லைன், தெருவிளக்கு, ஸ்கூல், அங்கன்வாடி, ஊராட்சி ஆபீஸ், சமுதாயக் கூடம் இதுக்கெல்லாம் தற்காலிக ரிப்பேர் வரும். தெருவிளக்கு வரும்ங்கறதே எங்க ஊர்ல நிறைய பேருக்கு தெரியாது!

ரேட்ட பாத்தா சிரிப்பு வரும். 2015-20 நார்ம்ஸ்ல கிராம ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 60 ஆயிரம், மாநில நெடுஞ்சாலைக்கு கிலோமீட்டருக்கு 1 லட்சம், ஒரு குடிநீர் வேலைக்கு அதிகபட்சம் 1.5 லட்சம், ஊராட்சிக் கட்டடம் ஒண்ணுக்கு அதிகபட்சம் 2 லட்சம். 800 மீட்டர் ரோடு போச்சுன்னா இந்த கணக்குல 48 ஆயிரம் ரூபா தான். அத வச்சு தார் ரோடு போட முடியுமான்னா முடியாது, ஜல்லியும் கிராவலும் கொட்டி ரோலர் ஓட்டலாம். நார்ம்ஸ அப்பப்ப திருத்துறாங்க, அதனால எஸ்டிமேட் போடுற அன்னைக்கு என்ன ரேட் ஓடுதோ அத யூனியன் இன்ஜினியர் கையில இருக்குற காப்பியில பாத்து எழுதிக்கோங்க, வாட்ஸ்அப்ல சுத்துற பழைய பிடிஎஃப்ப நம்பாதீங்க.

தண்ணி வடியறதுக்குள்ள

ஒரு ஆளு, இல்லன்னா ரெண்டு பேரு, வேற எந்த வேலையும் குடுக்காதீங்க. ஜிபிஎஸ் மேப் கேமரா ஆப் போன்ல இருக்கணும், எடுக்குற ஒவ்வொரு போட்டோலயும் இடம், தேதி, நேரம் தானா விழும். ஒரு சேதத்துக்கு குறைஞ்சது நாலு போட்டோ எடுங்க. தூரத்துல இருந்து ஒண்ணு, அதுல கோயிலோ ஸ்கூலோ ஏதாவது அடையாளம் தெரியணும், கிட்ட ஒண்ணு, டேப் வச்சு நீளத்துக்கு ஒண்ணு, ஆழத்துக்கு ஒண்ணு. ஆழத்துக்கு ஒரு ஆள உள்ள நிக்க வச்சு எடுக்குறது நல்லாத்தான் இருக்கும் ஆனா டேப் தெரியலன்னா அது வெறும் செல்ஃபி. தண்ணி நின்ன மட்டம் சுவத்துல சேறு கோடா தெரியும், மறுநாள் மக்கள் கழுவிடுவாங்க, அதுக்குள்ள சாக்பீஸோ பெயிண்ட்டோ வச்சு கோடு போட்டு தரைல இருந்து எத்தன அடின்னு அளந்து எடுத்து வச்சுக்கோங்க. ஸ்கூலு, அங்கன்வாடி, பம்ப் ரூம் மூணுக்கும் இது கட்டாயம், மோட்டார் முங்குச்சா இல்லையான்னு பின்னாடி வர்ற கேள்விக்கு அந்த கோடு தான் பதில்.

அவசரத்துக்கு உடைப்ப அடைச்சே ஆகணும், ஆம்புலன்ஸ் போகணும்ல, அப்ப அடைங்க, காத்திருக்க சொல்லல. ஆனா அஞ்சு நிமிஷம் அளந்து போட்டோ எடுத்துட்டு அடைங்க. ஜேசிபி எத்தன மணிக்கு வந்துச்சு எத்தன மணிக்கு போச்சு, ட்ராக்டர் எத்தன நடை அடிச்சுது, மணல் மூட்டை எத்தன, எல்லாத்தையும் ஒரு நோட்டுல அன்னைக்கே எழுதி விஏஓகிட்டயும் ரெண்டு ஊர்க்காரங்ககிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. எங்க ஊர்ல ஜேசிபிக்காரரு பாவம் தெரிஞ்ச பையன், பில்லே குடுக்கல, "அப்புறம் பாத்துக்கலாம் அண்ணாச்சி"ன்னுட்டான், கடைசில தலைவரு கைக்காச போட்டு குடுத்தாரு.

யாரு சொத்துன்னு பிரிங்க

ஊருக்குள்ள இருக்குற எல்லாம் ஊராட்சி சொத்து இல்ல. ஊராட்சி ரோடு, யூனியன் ரோடு, நெடுஞ்சாலைத்துறை ரோடு மூணும் ஒரே தெருவுல அடுத்தடுத்து வரலாம். குளத்துல 40 ஹெக்டேருக்கு கீழ ஆயக்கட்டுன்னா (அந்த குளத்து தண்ணில பாயுற நிலம்) பொதுவா யூனியன் குளம், அதுக்கு மேலன்னா நீர்வளத்துறை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோட மெயின் பைப் குடிநீர் வடிகால் வாரியத்துது, நம்ம தொட்டில இருந்து தெருவுக்கு போற லைன் நம்மளது. மின்கம்பம் மின்வாரியத்துது, அதுல தொங்குற தெருவிளக்கு ஊராட்சியோடது. அடுத்தவன் சொத்த நம்ம லிஸ்ட்ல சேத்தா மொத்த லிஸ்ட்டையும் சந்தேகமா பாப்பாங்க, அதுக்காக அந்த சேதத்த விட்டுடவும் கூடாது, அந்தந்த துறைக்கு தனி லெட்டரா அதே போட்டோவோட அனுப்பி ஒரு காப்பிய பிடிஓவுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) போடுங்க. பிரதமர் கிராம சாலைத் திட்டத்துல போட்ட ரோடா இருந்தா அஞ்சு வருஷ பராமரிப்பு கான்ட்ராக்டர் தலைல தான் இருக்கும், அது முடிஞ்சிடுச்சான்னு முதல்லயே பாத்து ஒரு வரி எழுதிடுங்க, இல்லாட்டி அந்த ஒரு கேள்விக்காக ஃபைல் திரும்பி வரும்.

எழுதுற விதம்

"சாலைகள் கடுமையாக சேதமடைந்துள்ளன, உடனடி நடவடிக்கை தேவை"னு எழுதுனா அதுல ஒரு ரூபா கூட இல்ல. இப்படி எழுதுங்க: "மேலத்தெரு பிள்ளையார் கோவில் முதல் ஆற்றுத் தரைப்பாலம் வரையிலான ஊராட்சி சாலை, செயினேஜ் 0/400 முதல் 0/620 வரை 220 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 18.12.2023 வெள்ளத்தில் தார் மேற்பரப்பும் அடிப்பகுதி ஜல்லியும் சராசரி 30 செ.மீ. ஆழத்துக்கு அரிக்கப்பட்டுள்ளது, பேருந்து நின்றுள்ளது, 140 குடும்பங்களுக்கு வேறு வழி இல்லை." (எண்கள் உதாரணத்துக்கு, உங்க ஊர் அளவ போடுங்க. செயினேஜ்னா ரோடு ஆரம்பிக்கிற இடத்துல இருந்து தூரம், 0/400ன்னா 400வது மீட்டர்.) படிக்கிற இன்ஜினியர் இத வச்சே எஸ்டிமேட் போட்டுடலாம், அவருக்கு அந்த வாரம் நாப்பது ஊராட்சி சுத்தணும், உங்க பேப்பர் ரெடியா இருந்தா உங்களது தான் முதல்ல ஏறும்.

இன்னொரு சின்ன விஷயம், காரணத்த எழுதும்போது வெறும் "கனமழை"ன்னு நிறுத்தாதீங்க. மத்திய அரசு அறிவிச்ச பேரிடர் லிஸ்ட்ல 12 இருக்கு, புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர். மழைன்னு தனியா இல்ல. ஆறு பெருகி ஊருக்குள்ள வந்துச்சுன்னா அது வெள்ளம், அப்படியே எழுதுங்க, நடந்தத தான் எழுதுறோம்.

முந்தைய நிலைமைக்கு ஆதாரம் கேப்பாங்க, ஏற்கனவே குண்டும் குழியுமா கிடந்த ரோட்ட வெள்ளத்துல போச்சுன்னு எழுதுற பழக்கம் எல்லா ஊர்லயும் இருக்குறதால. நூறு நாள் வேலைல செஞ்சதுன்னா முன், நடுவுல, முடிஞ்ச பிறகுன்னு இடக்குறியோட போட்டோ ஏத்தியிருப்பாங்க, அத எடுக்கலாம். சொத்துப் பதிவேட்டுல ரோடு போட்ட வருஷம் இருக்கும். எங்க ஆபீஸே முங்கி பதிவேடெல்லாம் ஊறிப்போச்சு, வெயில்ல பக்கம் பக்கமா பிரிச்சு காயப்போட்டோம், மை எல்லாம் கரைஞ்சு ஒண்ணும் தெரியல, கடைசில யூனியன் ஆபீஸ்ல இருந்த காப்பிய வச்சு தான் சமாளிச்சோம். அந்த மாதிரி ஆனா ஊறுன பதிவேட்டையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, தணிக்கைக்கு வர்றவங்க "பதிவேடு எங்க"ன்னு கேட்டா காட்ட ஏதாவது வேணும்.

ரெண்டு எஸ்டிமேட்

யூனியன் ஓவர்சியர் இல்ல உதவிப் பொறியாளர் வந்து அளந்தா தான் எஸ்டிமேட், நம்ம கொத்தனார் சொன்ன தொகைக்கு மதிப்பு இல்ல. அவர் வரும்போது கூடவே போங்க, டேப் ஒரு முனைய நீங்க புடிங்க, விட்டுப்போன இடத்த அங்கயே காட்டுங்க. அவர்கிட்ட ரெண்டா கேளுங்க, ஒண்ணு நார்ம்ஸ் ரேட்டுக்குள்ள தற்காலிக சீரமைப்பு, இன்னொண்ணு நிரந்தரமா கட்ட ஆகுற முழுத் தொகை. முதல் எஸ்டிமேட் நிவாரண நிதிக்கு. ரெண்டாவது மறுகட்டமைப்பு, மாநில அரசு தனியா ஒதுக்குற பணம், எம்எல்ஏ நிதி, எம்பி நிதி இப்படி வேற கதவுக்கு. பெரிய பேரிடர்னு மத்திய அரசு அறிவிச்சா வெளியூர் எம்பி கூட தன்னோட தொகுதி நிதில இருந்து 1 கோடி வரைக்கும் பாதிச்ச பகுதிக்கு குடுக்கலாம், இது நிறைய பேரு கேக்குறதே இல்ல. ரெண்டையும் ஒரே பேப்பர்ல கலந்தா தான் சிக்கல், பெரிய தொகைய பாத்துட்டு சின்னதையும் சேத்து ஓரங்கட்டிடுவாங்க.

குடிதண்ணி, சாக்கடை சம்பந்தமான அவசர வேலைக்கு இது எதுக்கும் காத்திருக்க வேண்டாம். 15வது நிதிக்குழு 2021-26க்கு ஊராட்சிகளுக்கு குடுத்த மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னே கட்டிவச்ச பணம் தான், மிச்சம் 40 சதவீதம் அப்படி கட்டில்லாதது, பிடிஓ சம்மதத்தோட அந்த 60 சதவீதத்த எடுத்து மோட்டார ஓட்டிடலாம். ஆனா ஒரு வேலைக்கு ஒரு பணம். மானியத்துல செஞ்ச மோட்டாரையே நிவாரண லிஸ்ட்லயும் விட்டுவச்சீங்கன்னா உள்ளாட்சி நிதித் தணிக்கைல கண்டிப்பா மாட்டும், வருஷம் கழிச்சு தலைவர் பேர்ல வசூல் நோட்டீஸ் வரும்.

ஃபைல் போற வழி

ஊராட்சி தீர்மானம், போட்டோ, அளவு லிஸ்ட் எல்லாம் பிடிஓ கிராம ஊராட்சி கிட்ட. அங்க இருந்து ஊரக வளர்ச்சி முகமை திட்ட இயக்குநர், அப்புறம் கலெக்டர். கலெக்டர் எல்லாத் துறை சேதத்தையும் கூட்டி சென்னைக்கு, வருவாய் நிர்வாகம் மற்றும் பேரிடர் மேலாண்மை ஆணையர் ஆபீஸ் எழிலகத்துல இருக்கு, அங்க போகும். மாநில நிதி பத்தலன்னா மாநில அரசு மத்திய அரசுக்கு கோரிக்கை மனு, மத்தியக் குழு வந்து பாக்கும், அப்புறம் உள்துறை அமைச்சர் தலைமைல இருக்குற உயர்மட்டக் குழு முடிவு பண்ணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேத்து தமிழ்நாடு கேட்டது 37 ஆயிரம் கோடிக்கு மேல, 2024 ஏப்ரல்ல விடுவிச்சது 276 கோடி. அந்த அரசியல இங்க பேசல, ஆனா மேல இருந்து வர்றது எவ்வளவு சுருங்கும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா தான் நம்ம லிஸ்ட்ல எது முதல்ல இருக்கணும்னு யோசிப்போம். முப்பது வேலைய ஒண்ணா போடுறத விட, முதல் அஞ்ச வரிசைப்படுத்தி, எது இல்லாட்டி ஊரு துண்டாகும்னு எழுதி மேல வைங்க. எங்க ஊர்ல எல்லா வார்டு மெம்பரும் அவங்கவங்க தெருவ முதல்ல போடணும்னு சண்டை, நானும் போட்டேன், மறைக்கல.

ஃபைல குடுத்துட்டு வீட்டுக்கு வராதீங்க. முத்திரை போட்ட ஒப்புகை வாங்குங்க. மூணு நாள் கழிச்சு யூனியன் ஆபீஸ்ல போய் "கலெக்டர் ஆபீஸுக்கு போன லிஸ்ட்ல எங்க ஊர் எத்தனாவது வரிசை"ன்னு கேளுங்க. பணம் எப்ப வரும்னு கேட்டா யாருக்கும் தெரியாது, வரிசை எண் கேட்டா பாத்து சொல்லியாகணும். எங்க பேப்பர் தாலுகா ஆபீஸுக்கு தப்பா போய் அங்கயே பன்னெண்டு நாள் கிடந்துச்சு, வரிசை எண் கேக்கப் போன அன்னைக்கு தான் தெரிஞ்சது, அதுக்குள்ள முதல் லிஸ்ட் சென்னைக்கு போயிடுச்சு.

மத்தியக் குழு வர்றது பெரும்பாலும் தண்ணி வடிஞ்சு வெயிலடிக்கும் போது. அவங்களுக்கு ஒரு இடத்துல நிக்க பத்து நிமிஷம் கிடைச்சா பெருசு. ஊரே திரண்டு கத்துனா அவங்க கார்ல ஏறிடுவாங்க. வெள்ளத்தப்ப எடுத்த போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு அதே இடத்துல நிக்க வச்சு காட்டுங்க, பேச ஒரே ஒரு ஆளு, கையில ஒரு பக்க தாள், அதுல அஞ்சு வேலை, அளவு, தொகை.

பணம் வந்தப்புறம்

நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ரெண்டும் கையில வராம வேலை ஆரம்பிக்காதீங்க. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, பிரிவு 16ல அரசு அறிவிச்ச இயற்கைப் பேரிடர் காலத்துக்கு டெண்டர் விலக்கு இருக்கு, ஆனா அந்த விலக்க நீங்களா எடுத்துக்க முடியாது, எழுத்துல உத்தரவு வாங்கிட்டு தான். வேலை நடக்கும்போதும் அதே நாலு கோணத்துல போட்டோ, முடிஞ்ச பிறகும் அதே நாலு. எம்-புக்ல (இன்ஜினியரோட அளவுப் புத்தகம், அத வச்சு தான் பில்) அளவு ஏறுற அன்னைக்கு கூட நில்லுங்க, எஸ்டிமேட்ல 220 மீட்டர், எம்-புக்ல 205ன்னு வந்தா பதினஞ்சு மீட்டர் பணம் திரும்பிப் போகும்.

2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த மாவட்டங்கள்ல ஊராட்சித் தலைவர், மெம்பர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு போயிடுச்சு. தலைவர் இல்லாத ஊர்ல வெள்ளம் வந்தா யாரு ஓடுறதுன்னு கேக்குறீங்களா, தனி அலுவலர் பிடிஓவே தான், அவருக்கு முப்பது நாப்பது ஊராட்சி, அதனால ஊர்க்காரங்களும் பழைய மெம்பர்களும் அளந்து போட்டோவோட செயலர் கையில குடுத்தா தான் நடக்கும். பேரூராட்சின்னா செயல் அலுவலர், பேரூராட்சிகள் உதவி இயக்குநர் வழியா. நகராட்சின்னா கமிஷனர், மண்டல இயக்குநர் வழியா. வழி தான் வேற, போட்டோ, அளவு, வரிசை எண் கதை எல்லாம் ஒண்ணு தான்.

வெள்ளம் நேரத்துல கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில கட்டுப்பாட்டு அறை 1070. போன் பண்ணி சேதம் சொன்னா எத்தன மணிக்கு பண்ணோம், யாரு எடுத்தாங்கன்னு அதையும் அந்த நோட்டுல எழுதிக்கோங்க.

இப்ப வெள்ளம் இல்லாத ஊர்க்காரங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. ஐப்பசி மழை இறங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பைக் எடுத்துட்டு கிளம்பி எல்லா ரோடு, தரைப்பாலம், தொட்டி, மோட்டார் ரூம், ஸ்கூல் சுவரு, குளத்தங்கரை எல்லாத்தையும் அதே ஜிபிஎஸ் ஆப்ல நல்லா இருக்கும்போதே எடுத்து வச்சுடுங்க. அக்டோபர் 2 கிராம சபைல அந்த லிஸ்ட்ட படிச்சு பதிவு பண்ணிடுங்க, அத விட்டா நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்து கிராம சபை இருக்கு, ஆனா அதுக்குள்ள மழை தொடங்கிடும். எங்க ஊர்ல போன வருஷம் நானும் செயலரும் போய் எடுத்தோம், நூத்தி பதினேழு போட்டோ, ஒரு காப்பி அவர் போன்ல, ஒரு காப்பி என் மச்சான் கம்ப்யூட்டர்ல, ஒரு காப்பி மெட்ராஸ்ல இருக்குற என் மக மெயில்ல. ஆத்தங்கரைல இருக்குற ஆபீஸ் பீரோல மட்டும் வைக்கல.